காக்களூர் கடையின் நாலாவது மாதம்

காக்களூர் கடைக்கு மசாலா குறைவாகப் போகிறது என்பதைக் கல்பனா அக்கா ஆடி மாதம் முதல் வாரத்திலேயே கவனித்துவிட்டார். நாளுக்கு எட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்த அந்தக் கடைக்காரர் மதிவாணன் ஆறு கேட்டார். அடுத்த வாரம் ஐந்து. கூட்டம் குறைந்துவிட்டதா என்று போனில் கேட்டதற்கு, "அப்டியேதான் கீது க்கா" என்று பதில் வந்தது. மீன் பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கும் லோடு ஆட்டோக்காரர் யேசுதாஸும் அதையேதான் சொன்னார். தினமும் நாற்பது கிலோ மீன் இறங்குகிறது, அரிசி மூட்டையும் வழக்கம்போலத் தீர்கிறது. மசாலா மட்டும் குறைவு.

"இதுக்கு ஒரே அர்த்தம்தாம்மா" என்றார் அக்கா. "வெளிய வாங்குறான்."

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்க்கிறேன். அக்காவின் கடை ஒப்பந்தங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தது நான்தான். அந்தப் பழக்கத்தில் எதுவானாலும் முதலில் என்னிடம் வந்து சொல்வார். நான் பெரும்பாலும் கேட்டுக்கொள்வேன். அதிகம் பேசாதவர்களிடம் பேசுவது அவருக்கு வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

கல்பனா அக்கா பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். எட்டாவது வரை படிப்பு. பத்தொன்பது வயதில் பக்கத்துக் குப்பத்துத் துளசிராமனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கணவர் ஏரியில் பிடித்ததை அக்கா அன்னக்கூடையில் வைத்துப் பொன்னேரிக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பஸ் ஓடவில்லை. விற்காத மடவை மீனைக் குழம்பு வைத்து, சோற்றோடு சேர்த்து, கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் ஓர் ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து விற்றார். அரை மணி நேரத்தில் பாத்திரம் காலி. அதற்குப் பிறகு அவர் கூடையைத் தூக்கவில்லை.

ஏழு வருடத்தில் அந்த ஆட்டோ ஒரு கடையாயிற்று. 'கல்பனா மீன் சாப்பாடு' என்று மஞ்சள் பலகையில் நீல எழுத்து. பிறகு மூன்று பேர் தனித்தனியாக வந்து, உங்கள் பெயரில் நாங்களும் ஒரு கடை போடலாமா என்று கேட்டார்கள். மீஞ்சூர்க்காரரான ஜெனிபர் சிப்காட்டில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர், கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. மதிவாணன் காக்களூர் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். கம்பெனி ஆள்குறைப்பில் வெளியே வந்து, கையில் கிடைத்ததையும் மனைவியின் சங்கிலியையும் போட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார். சரவணகுமார் கடம்பத்தூர் பக்கத்தில் நெல் நிலம் உள்ள குடும்பம். நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்ள, இவருக்குக் கையில் ஏதாவது வேண்டியிருந்தது.

பலகையும் மீனும் மசாலாவும் அக்காவிடமிருந்து போகும். இடமும் உழைப்பும் அவர்களுடையது. மிளகாயும் மல்லியும் மில்லில் அரைபடும். கடைசியில் சேர்க்கும் இரண்டு பொருள்களை மட்டும் அக்கா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தானே கலப்பார். அது என்னவென்று கணவருக்கும் தெரியாது. "தெரிஞ்சா குடிச்சுட்டு எவனாண்டனா ஒளறிடும்" என்பார். துளசிராமன் அதை மறுத்ததில்லை. ஒரு பொட்டலம் ஐந்து கிலோ மீனுக்கு. ஆகவே எந்தக் கடையில் என்ன நடக்கிறது என்பதை அக்கா பொட்டலத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒருவரையும் நம்பாமல் தொழிலை நடத்த அது ஒரு வழி.

மூன்று கடைகளுக்கும் இடம் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. மீஞ்சூர் ரயில் நிலையமும் கடம்பத்தூர் ரயில் நிலையமும் சுமாரான இடங்கள். காக்களூர் அப்படியல்ல. பகல் பன்னிரண்டரைக்கு எல்லாக் கம்பெனிக் கதவுகளும் திறக்கும். மூன்று பேருமே காக்களூரைக் கேட்டார்கள். அப்போது அக்காவுக்குத் தோன்றியதுதான் பாடு.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் அள்ளலாம். சில இடங்களில் வலையை நனைத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அதனால் குப்பத்து ஆண்கள் கூடி உட்கார்ந்து, சீட்டுப் போட்டு, இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடத்தில் வலை போட்டவர் நாளை அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். இதைத்தான் பாடு என்கிறார்கள். பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்காருவதில்லை. அக்காவும் தன் அப்பா சீட்டெடுப்பதைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. தன் வீட்டு வாசலில் மூன்று பேரை உட்காரவைத்து, எவர்சில்வர் டம்ளரில் சீட்டைப் போட்டுக் குலுக்கியதை மறுநாள் என்னிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன்.

"நாலு மாசம் ஒருத்தரு ஒரு எடம். அப்பால நகந்துக்கணும். இன்னா?"

"இன்னாக்கா, மூஜிக்கல் சேர் ஆடச் சொல்றீங்களா?" என்றார் சரவணகுமார்.

"எங்க ஏரியில தலமொற தலமொறயா இப்டித்தான். ஒருத்தன் வயிறு எரிஞ்சதில்ல."

"எரியும்மே" என்றார் துளசிராமன், பெட்டி கழுவிக்கொண்டே. "எல்லாருக்கும் சமமா எரியும்."

முதல் நாலு மாதம், மார்கழியிலிருந்து பங்குனி வரை, காக்களூர் ஜெனிபருக்கு விழுந்தது. சித்திரையில் மதிவாணன் அங்கே போனார். ஆவணி முதல் தேதி சரவணகுமாரின் முறை. ஆக, மசாலா குறைந்த ஆடி மாதம் காக்களூரில் மதிவாணனின் நாலாவது மாதம், கடைசி மாதம்.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தைப் புதுப்பிக்கும் காகிதங்களுக்காக அந்த வாரம் நான் காக்களூரை ஒட்டிய திருவள்ளூருக்குப் போக வேண்டியிருந்தது. "உன்ன அவனுக்கு மொகம் தெரியாது" என்றார் அக்கா. ஒப்பந்தம் எழுதியபோது கையெழுத்து வாங்கிவந்தது எல்லாம் அவரேதான். "ஒரு பார்சல் வாங்கிக்கினு வந்துடு. ஒண்ணும் பேச வேணாம்."

நான் போனபோது மணி ஒன்று. கடையின் முன்னால் இருபது பேர் நின்றபடியும் உட்கார்ந்தபடியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சின் கால் உடைந்து செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தது. கை கழுவும் டிரம்மின் குழாய் ஒழுகி, அதைச் சுற்றி ஒரே சேறு. நீலச் சட்டை போட்ட ஒருவர் தட்டைச் சாய்த்துக் குழம்பை ஓட விட்டுப் பார்த்தார்.

"இன்னாணே, இந்தக் கொழம்புல மீனு குளிச்சுட்டுப் போய்டுச்சா?"

மதிவாணன் சிரிக்கவில்லை. "குளிக்கத் தண்ணியாவது கீதேன்னு சந்தோசப்படு."

"போன மாசம் நல்லாத்தான போட்டீங்க?"

"இன்னும் பதினஞ்சு நாளுதான். அப்பால வேற ஆளு வருவாரு. கொறைய அவராண்ட சொல்லு."

"அப்ப நாங்க இன்னா பண்றது? உன் பின்னாடியே மீஞ்சூருக்கு வரணுமா?" என்றார் வயதில் பெரிய ஒருவர். மதிவாணன் என் பார்சலைக் கட்டினார். ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, குழம்புப் பையைத் தனியாக ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். வேலையில் கை சுத்தம். குழம்புதான் அப்படி.

மாலையில் அக்கா குழம்பைத் தட்டில் ஊற்றி, சோறு இல்லாமல் விரலால் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"என்னுதுதான்" என்றார்.

அவர் குரலில் நிம்மதி இல்லை. வெளி மசாலாவாக இருந்திருந்தால் அது திருட்டு. அதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். இது அவருடைய மசாலாவேதான். மூன்று பேருக்கு ஆனதைத் தண்ணீர் விட்டு ஐந்து பேருக்கு இழுத்திருந்தார்கள்.

"இந்த மூணு பொட்டலத்துல இன்னா மிச்சம் வரும்? இதுக்காகவா ஒருத்தன் இவ்ளோ கூட்டத்தக் கெடுப்பான்? வேற இன்னாவோ கீது."

கடையில் கேட்டதை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். இன்னும் பதினைந்து நாள்தான் என்று அவர் சொன்னதையும் சொன்னேன்.

"பாத்தியா? ஓடப் பாக்குறான். தனியா போர்டு போடப்போறான்."

அதற்குப் பிறகு அக்கா சுவரிலிருந்த காலண்டர்களை இறக்கினார். ஒவ்வொரு கடைக்கும் ஒரு காலண்டர்; தேதிக் கட்டத்தில் அன்றைக்குப் போன பொட்டலத்துக்கு ஒரு கோடு. பங்குனி மாதத்தைத் திருப்பினார். ஜெனிபர் காக்களூரில் இருந்த கடைசி மாதம். அங்கேயும் எட்டு, ஆறாகி ஐந்தாகியிருந்தது. வெயிலுக்குக் கூட்டம் குறைந்திருக்கும் என்று அப்போது விட்டிருந்தார். அதே பங்குனியில் கடம்பத்தூரில் இருந்த மதிவாணன் குறைத்திருந்தார். மீஞ்சூரில் இருந்த சரவணகுமாரும் குறைத்திருந்தார். அவை சின்ன இடங்கள் என்பதால் ஒன்றிரண்டு கோடு குறைந்தது அக்கா கண்ணில் படவில்லை.

"மூணு பேரும் கூட்டு" என்றார், காலண்டரை மூடி. "பேசி வெச்சுக்கினு பண்றாங்க."

மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது என்பது அக்கா சொல்லியே எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

"நம்ம முன்னாடி புடிக்காத மாரி இருப்பாங்கம்மா."

மறுநாள் காலையில் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, ஒப்பந்தத்தை ரத்து செய்யும் கடிதம் ஒன்று எழுதச் சொன்னார். முதலில் மதிவாணனுக்கு. அவரைக் கழற்றிவிட்டால் மற்ற இருவரும் அடங்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. கடிதம் நான்கு வரிதான். அந்த நான்கு வரி கைக்குப் போனால் மதிவாணனுக்குப் பலகையும் இல்லை, மீனும் இல்லை. பழைய கம்பெனி அவரைத் திரும்ப எடுக்கப்போவதில்லை. நான் அடித்துக் கொடுத்தேன். அக்கா அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீயும் வா. கையெழுத்து வாங்கறப்ப ஒரு சாட்சி வேணும்" என்றார். கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு யேசுதாஸ் வண்டியில் போனோம்.

மதியக் கூட்டம் கலைந்திருந்தது. மதிவாணன் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பார்சல் வாங்கிய ஆள் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. அக்காவைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"வேவு பாக்க ஆளு அனுப்பறீங்களாக்கா?"

"அஞ்சு பொட்டலத்துல நாப்பது கிலோ மீனு எப்டி ஆக்குற மதி? எனக்கும் சொல்லிக் குடு. இத்தினி வருசமா எனக்குத் தெரியாமப் போச்சு."

அவர் குண்டானைக் கவிழ்த்து வைத்தார். மறைக்க முயலவில்லை.

"நான் வந்தப்ப இந்தக் கடை எப்டி இருந்துச்சுன்னு எவனாவது கேட்டீங்களா? கடசி மாசம் ஜெனிபரு இதே தண்ணியத்தான் ஊத்திட்டுப் போச்சு. ஆளுங்க எல்லாம் எதுர்க்க இருக்கற பிரியாணி வண்டிக்குப் போய்ட்டானுங்க. ஒவ்வொரு கம்பெனி கேட்டாண்டயும் நின்னுக்கினு, ஒருவாட்டி வந்து சாப்ட்டுப் பாருங்கன்னு கூப்ட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு கூட்டம் திரும்பி வர. இப்ப ஓடுது. ஆவணி ஒண்ணாந்தேதி சரவணகுமாரு வந்து உக்காந்து துன்னுவான். நான் இன்னாத்துக்கு அவனுக்கு ஆக்கி வெச்சுட்டுப் போவணும்?"

"அதுக்கு என் பேரக் கெடுப்பியா?"

"உங்க பேருதாங்க்கா. எனக்கு இங்க இன்னா பேரு கீது? நாலு மாசம் அண்ணே அண்ணேம்பானுங்க. அப்பால நான் யாரோ, அவனுங்க யாரோ. நீங்க அதுக்குத்தான மாத்தி மாத்தி உக்கார வெக்கிறீங்க?"

"எதுக்கு?"

"எவனும் ஒரே எடத்துல வேரு வுட்டு உங்க போர்டக் கழட்டிடக் கூடாதுன்னு. நாயம் தர்மம்னு ஏரிக் கத சொன்னீங்க. நாங்க இன்னா கொழந்தைங்களா?"

அக்கா பைக்குள் கையை விட்டார். நான் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். பையிலிருந்து அவர் எடுத்தது கைக்குட்டை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடுங்கண்ணே" என்று யேசுதாஸிடம் சொன்னார்.

செங்குன்றம் தாண்டியதும் அவர் சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"சீட்டுப் போட்டப்ப நாயம்னுதான் நெனச்சேன். ஆனா பாதிதான். மீதிப் பாதி அவன் சொன்னது."

நாங்கள் வீடு திரும்பியபோது துளசிராமன் காலையில் மிஞ்சிய நாஷ்டாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு இட்லியைப் பிட்டார்.

"ஏரியில பாடு முடியிற அன்னிக்கு எவனாவது நாளைக்கு வர்றவனுக்கு ரெண்டு இறால வுட்டுட்டு வருவானா? தொடச்சு எடுத்துக்கினுதான் வருவான். நானும் அப்டித்தான். ஆனா மறுநாளு தண்ணி ஏறும், கடல்லருந்து புதுசா வரும். உன் காக்களூரு ஆளுங்க கடல்லருந்தா வரானுங்க? இன்னிக்குத் தண்ணிக் கொழம்பு துன்னவன்தான நாளைக்கும் வரணும்?"

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாயா?"

"நீ கேட்டியா? பொடி கலக்கறப்ப கதவச் சாத்துற. அப்டியே எல்லாத்துக்கும் சாத்திக்கிற."

அக்காவுக்குக் கோபம் வந்தது. மசாலாவையும் மீனையும் பலகையையும் மூன்று இடங்களில் ஒரே மாதிரி வைத்திருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடையில் நிற்பவருக்கு அந்தக் கடை தன்னுடையது என்ற எண்ணம் வரக் கூடாது என்பதிலும் அதே அளவு கவனமாக இருந்திருக்கிறார். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மூன்று நாள் கழித்து மூவரையும் வீட்டுக்கு வரச்சொன்னார். டம்ளரும் இல்லை, சீட்டும் இல்லை. இப்போது யார் எங்கே இருக்கிறார்களோ, அதுவே இனி அவரவர் கடை. மாறுவது கிடையாது என்றார்.

ஜெனிபர் உடனே தலையாட்டினார். "எனக்கு மீஞ்சூரே போதும்க்கா. காக்களூருக்கு ரெண்டு ரயிலு மாறிப் போய் நாலு மாசத்துல இடுப்பு போச்சு."

"அப்ப என் முற?" என்றார் சரவணகுமார்.

அவர் அக்கா பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஜெனிபரும் சாப்ட்டாச்சு, மதியும் சாப்ட்டாச்சு. எனக்குப் பந்தி வர்றப்ப எலைய எடுக்கறீங்களா?"

"நீ கேக்கறது சரிதான்" என்றார் அக்கா. "எங்க குப்பத்துல முறைய முறிச்சவங்க ஊருக்குத் தண்டம் கட்டணும். முறிச்சது நானு. ஒரு வருசத்துக்கு உன் கடைக்கு மசாலா காசு வாங்கல. வேற எடம் பாத்துச் சொல்லு, இன்னொரு கடையும் உனக்கே குடுக்கறேன்."

"உங்க தண்டத்த உங்க ஏரியிலயே கட்டுங்க. தண்ணி ஊத்துனவனுக்குக் காக்களூரு, ஒழுங்கா இருந்தவனுக்கு மசாலா இனாமா?"

"நீ மீஞ்சூருல பங்குனி மாசம் எத்தினி பொட்டலம் வாங்குனேன்னு காலண்டர எடுத்துக் காட்டவா?"

அவர் காலண்டரைப் பார்க்க விரும்பவில்லை. மறுநாள் யேசுதாஸ் வண்டியில் சரவணகுமார் கடையின் மஞ்சள் பலகை திரும்பி வந்தது. அதே மாதம் கடம்பத்தூரில் அதே இடத்தில் 'குமார் மீன் சாப்பாடு' வந்தது. அதுவும் மஞ்சள் பலகை, நீல எழுத்து. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மசாலா வேஸ்ட்டு" என்றார். ஆனால் கூட்டம் இருந்ததா என்று நான் கேட்டபோது மீன் விலையைப் பற்றிப் பேசினார்.

எல்லோரையும்விட அக்கா அதிகம் சந்தேகப்பட்ட மதிவாணனிடமே காக்களூரைக் கொடுத்தது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அதற்கும் அவர் சந்தேகத்திலிருந்தே காரணம் எடுத்தார்.

"ஆளுங்கள இட்டுக்கினு தனியாப் போறவன் கடசி மாசம் நல்லா சாப்பாடு போடுவாம்மா. இன்னும் ரெண்டு துண்டு மீனு சேத்து வெப்பான். தண்ணி ஊத்தமாட்டான். இவன் கோவத்துல ஊத்துனான்."

புதிய ஒப்பந்தத்துக்கு மதிவாணன் பத்து வருடம் கேட்டார். அக்கா மூன்று என்றார். ஐந்தில் நின்றது. நான் இரண்டு மொழியிலும் அடித்துக் கொடுத்தேன். தமிழில் உள்ளதை மதிவாணன் இரண்டு முறை படித்தார். ஆங்கிலத்தில் உள்ளதைக் கையில் வைத்துக்கொண்டு, "இத வேற ஒருத்தராண்ட காட்டிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வேவு பார்க்க வந்தவள்தானே நான்.

இரண்டு நாள் கழித்து, ஆங்கிலத் தாளில் ஒரு வரிக்குக் கீழே கோடிட்டுக் கொண்டுவந்தார். பலகையின் உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்பது அந்த வரி. தமிழில் அது இல்லை. பழைய படிவத்திலிருந்து எடுத்து எழுதியபோது நான் நீக்க மறந்தது. சொன்னேன். மதிவாணன் நம்பியதாகத் தெரியவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்; தான் சொல்லாமலே தனக்குச் சாதகமாக நான் ஏதாவது செய்கிறேனா என்று அளப்பதுபோல இருந்தது. பிறகு பேனாவை எடுத்து அந்த வரியைத் தானே அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். மதிவாணனும் போட்டார். இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

ஆவணியில் காக்களூர் எட்டுப் பொட்டலத்துக்குத் திரும்பியது. அது மட்டும் அக்காவுக்குப் போதவில்லை. பொட்டலத்தை வாங்கி ஓரமாக அடுக்கி வைத்திருக்கலாம் அல்லவா? யேசுதாஸிடம் சமையல் கட்டை எட்டிப் பார்த்து வரச் சொன்னார். யேசுதாஸ், "அந்தாளு என்ன வண்டிய வுட்டே எறங்க வுட மாட்றாரும்மா. பெட்டிய அவரே வந்து எறக்கிக்கிறாரு" என்றார். அதுவும் சந்தேகத்துக்குச் சேர்ந்தது.

புரட்டாசி வந்தது. பாதிப் பேர் மீனைத் தொடமாட்டார்கள். ஏரியில் பிடித்தது வீட்டில் தேங்கியது. இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்காவின் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பது மணிக்கு மதிவாணன் போன் செய்தார். அக்காவுக்குக் கையெல்லாம் மஞ்சள் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"க்கா, ஒரு பெட்டி திருப்பி அனுப்பறேன். யேசுதாஸ் அண்ணன் வண்டியிலயே வருது."

"ஏன்? புரட்டாசின்னா? மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"புரட்டாசிக்கு இல்ல. மீனு நேத்து மீனு."

"என் ஊட்டு மீனா?"

"செவுளத் தூக்கிப் பாருங்க."

போனை வைத்ததும் அக்கா என்னிடம், "வேற எங்கியோ மீனு சொல்லி வெச்சுட்டான்" என்றார். இதுவரை எந்தக் கடையிலிருந்தும் ஒரு மீன்கூடத் திரும்பி வந்ததில்லை. முறை மாறிக்கொண்டிருந்த காலத்தில் என்ன அனுப்பினாலும் குழம்பாயிற்று. இவருக்கு மட்டும் இன்று என்ன வந்தது?

பெட்டி பதினொன்றுக்கு வந்தது. அக்கா மூடியைத் திறந்து, ஐஸைத் தள்ளி, மேலே இருந்த மடவையை எடுத்துச் செவுளைத் தூக்கினார். சிவப்பு போய்ப் பழுப்பேறியிருந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும். அடியில் இருந்தவை நன்றாக இருந்தன. பழையதைப் புதியதோடு கலந்தது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. துளசிராமன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து கொஞ்சம் நின்னுபோச்சு" என்றார். "ஐஸ்லதான் இருந்துச்சு. கொழம்புல போட்டா எவனுக்குத் தெரியப்போவுது?"

"அவனுக்குத் தெரிஞ்சுது இல்ல?"

"அவன் ஓவரா பண்றாம்மே. கடைய எழுதிக் குடுத்ததும் மொதலாளி ஆய்ட்டான்."

அக்கா மீனைப் பெட்டியில் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு காக்களூருக்கு மறுபடி போன் செய்தார்.

"மதி, இன்னிக்கு மதியத்துக்கு இன்னா பண்ண?"

"மீதிப் பெட்டி மீனு ஒரு மணி வரைக்கும் வரும். அப்பால முட்டக் கொழம்பு. மீனு இல்லன்னு எழுதி மாட்டிட்டேன்."

"முட்டைக்கு எந்த மசாலா?"

"உங்குதுதான். வேணும்னா அந்தப் பொண்ண அனுப்பிப் பார்சல் வாங்கிக்கங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அட்டை போடுவதைப் பார்த்துக்கொண்டேன்.

"நாளைலருந்து பெட்டியத் தொறந்து பாத்துட்டு எறக்கு" என்றார்.

"நீங்க சொல்லலன்னாலும் அப்டித்தாங்க்கா எறக்குவேன். இது என் கட."

போன் நின்றது. அந்தக் கடைசி மூன்று சொற்களை அக்கா எப்படி எடுத்துக்கொண்டார் என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் அன்றே பலகையை இறக்கியிருப்பார். இப்போது பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழுப்பேறிய மீன்களை ஒவ்வொன்றாகக் கருவாட்டுக்குத் தனியே எடுத்துப் போட்டார். ஐந்தாறு மீன் போனபின் நிறுத்தினார்.

"யோவ். மீஞ்சூருக்கும் இதேதான் போச்சா?"

துளசிராமன் தலையாட்டினார்.

"ஜெனிபரு ஒண்ணும் சொல்லலியே" என்றார் அக்கா. மணியைப் பார்த்தார். பதினொன்றேகால். பிறகு மீன் கையோடு போனை எடுத்து, மீஞ்சூர் எண்ணை அழுத்தினார்.